கிளினிக் கொப்பிக்குள் இருக்கும் அழற்சி எண்கள்: மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் வீட்டாருக்கு ஒரு வழிகாட்டி

பொத்துவிலிலோ அக்கரைப்பற்றிலோ விடியற்காலைப் பஸ் ஏறி, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு அம்மாவையோ மனைவியையோ அழைத்துச் செல்பவர்களின் கையில் மூலை நைந்துபோன ஒரு கிளினிக் கொப்பி இருக்கும். அதற்குள் பின் அடித்து வைத்திருக்கும் தாள்களில் பாதிக்கு மேல் எஃப்பீசீ ரிப்போர்ட்டுகள், அதாவது குருதிக் கலங்களை எண்ணிச் சொல்லும் சாதாரணப் பரிசோதனையின் முடிவுகள். அந்தத் தாளில் உள்ள நியூட்ரோபில், லிம்போசைட் என்ற இரண்டு வெண்குழிய வகைகளின் எண்களில் ஒன்றால் மற்றொன்றை வகுத்தால் மார்பகப் புற்றுநோய் திரும்பி வருமா வராதா என்பது தெரிந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வரும் தகவலை நம்பி, பஸ்ஸிலேயே கணக்குப் போட்டுப் பார்த்துக் கலங்கிப்போனவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருத்தி. அந்தக் கணக்கு முழுப் பொய்யல்ல; ஆனால் எந்த நாளில் எடுத்த இரத்தம் என்று பார்க்காமல் போட்டால் அதற்கு அர்த்தமே இல்லை. இதற்குப் புதியவர்கள் அந்த எண்களை முறையாக எடுப்பது, கணக்கிடுவது, எவ்வளவு தூரம் நம்புவது என்பதைப் படிப்படியாகச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கணக்கிடும் முன் தெரிந்திருக்க வேண்டியது

உடலில் காயமோ கிருமியோ கட்டியோ இருந்தால் உடல் காட்டும் எதிர்வினையை அழற்சி என்கிறோம். புற்றுக்கட்டிக்குள் வெண்குழியங்கள் புகுந்திருப்பதை ஜேர்மனிய நோயியல் அறிஞர் ருடோல்ஃப் விர்ஷோ 1863ஆம் ஆண்டிலேயே கவனித்து, அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டென்று கருதினார். இன்று அந்தத் தொடர்பின் வழி ஓரளவு தெளிவாகியிருக்கிறது. கட்டியும் அதைச் சூழ்ந்த திசுவும் இன்டர்லியூகின்-6 போன்ற பொருட்களைச் சுரக்கும்போது, எலும்பு மச்சை அதிகமான நியூட்ரோபில்களையும், இரத்தம் உறைய உதவும் பிளேட்லட்டுகளையும் வெளியே அனுப்புகிறது, ஈரல் சீ.ஆர்.பீ. என்ற புரதத்தைக் கூடுதலாக உண்டாக்குகிறது. பாடப்புத்தகம் நடுநிலைநாடி என்று சொல்லும் நியூட்ரோபில், கிருமியை அழிக்கும் முதல்வரிசைப் படைதான் என்றாலும், கட்டிக்குப் புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கவும் மற்ற எதிர்ப்புக் கலங்கள் அடங்கிப்போகவும் அதுவே துணைபோவதுண்டு. இரத்தத்தில் மிதக்கும் புற்றுக் கலங்களைப் பிளேட்லட்டுகள் போர்வைபோல் மூடிப் பாதுகாக்கின்றன. நிணநீர்க்குழியம் எனப்படும் லிம்போசைட்டோ புற்றுக் கலத்தை இனங்கண்டு தாக்கும் பக்கத்தில் நிற்பது. ஆகவே நியூட்ரோபில் கூடியும் லிம்போசைட் குறைந்தும் இருந்தால் தராசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை ஒரே எண்ணாகக் காட்டலாம் என்பதுதான் இதன் பின்னுள்ள எண்ணம்.

நியூட்ரோபில்-லிம்போசைட் விகிதம், சுருக்கமாக என்.எல்.ஆர்., புற்றுநோய்க்கென்று பிறந்ததல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சுலோவாக்கிய வைத்தியர் ரோமன் சகோரெச் 2001இல் இதை முன்வைத்தது, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களின் உடல் எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறது என்பதை அளப்பதற்காக. உடலின் எந்த நெருக்கடியும் இந்த எண்ணை ஏற்றும் என்பது அதன் பிறப்பிலேயே இருக்கும் குணம்.

முதற்படி: சரியான நாளின் தாளை எடுத்தல்

மார்பகப் புற்றுநோய் ஆய்வுகளில் பெரும்பாலானவை பயன்படுத்துவது சிகிச்சை தொடங்குமுன் எடுத்த இரத்தத்தை. சத்திரசிகிச்சைக்கு முன்போ, கீமோவை முதலில் கொடுப்பதாக இருந்தால் முதல் கீமோவுக்கு முன்போ எடுத்த ரிப்போர்ட்தான் உங்களுக்கு வேண்டியது. கொப்பியைப் பின்னிருந்து முன்னாகப் புரட்டி, சத்திரசிகிச்சைத் திகதியையும் முதல் கீமோத் திகதியையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவற்றுக்கு முந்திய எஃப்பீசீத் தாள்களை மட்டும் தனியே பிரித்தெடுங்கள். இரண்டு மூன்று தாள்கள் இருந்தால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் ஒரே எண் இரண்டு தடவை வந்தால்தான் அதற்குக் கொஞ்சமாவது கனம் உண்டு.

நான் செய்த பிழை இந்தப் படியில்தான். சித்தியின் ஐந்தாவது கீமோவுக்குப் போன அன்று காலை எடுத்த ரிப்போர்ட்டில் நியூட்ரோபில் 88 வீதம், லிம்போசைட் 7 வீதம் என்று இருந்தது. வகுத்தால் 12.6. கல்லடிப் பாலம் தாண்டித் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தேன். சித்தியிடம் ஒன்றும் சொல்லவில்லை, அன்றிரவு தூங்கவும் இல்லை. மறுநாள் கொப்பியின் முதற்பக்கங்களைப் புரட்டியபோது, சிகிச்சைக்கு முந்திய தாளில் நியூட்ரோபில் 62, லிம்போசைட் 29, விகிதம் 2.1. இடையில் நடந்தது இதுதான்: டொசெடாக்செல் என்ற கீமோ மருந்துக்கு முன்னேற்பாடாகச் சித்தி முதல்நாளே டெக்ஸாமெதசோன் குளிசைகளை விழுங்கியிருந்தார். இந்த ஸ்டீரொய்ட் மருந்து சில மணித்தியாலங்களிலேயே நியூட்ரோபிலை ஏற்றி லிம்போசைட்டை இறக்கிவிடும். நான் பயந்தது நோயைப் பார்த்து அல்ல, குளிசையைப் பார்த்து.

இதைப் படித்துவிட்டு எண் குறையட்டும் என்று அந்தக் குளிசையை நிறுத்திவிடாதீர்கள். கீமோ மருந்துக்கு உடல் ஒவ்வாமை காட்டுவதையும் நீர் கோர்ப்பதையும் தடுக்கவே அது கொடுக்கப்படுகிறது.

இரண்டாம் படி: தாளை வாசித்தல்

இரத்தம் எடுக்கும்போது ஊதா மூடியுள்ள சிறு குழாயில் விடுவதைக் கண்டிருப்பீர்கள். அதில் இரத்தம் உறையாமலிருக்க ஈ.டீ.டீ.ஏ. என்ற பொருள் இருக்கும். ஆய்வுகூட இயந்திரம் அந்த இரத்தத்திலிருந்து வெண்குழியங்களின் மொத்த எண்ணிக்கையையும், அதில் நியூட்ரோபில், லிம்போசைட், மொனோசைட், ஈசினோபில், பேசோபில் ஒவ்வொன்றும் எத்தனை வீதம் என்பதையும், பிளேட்லட் எண்ணிக்கையையும் தருகிறது. சில தாள்களில் வீதம் மட்டுமே இருக்கும், சிலவற்றில் வீதத்துடன் எண்ணிக்கையும் இருக்கும். மொத்த வெண்குழியம் ஒரு தாளில் 7,200 என்றும் இன்னொன்றில் 7.2 என்றும் அச்சாகியிருந்தால் இரண்டும் ஒன்றே. முன்னது ஒரு மைக்ரோலீற்றருக்கு, பின்னது அதையே ஆயிரங்களில் சொல்வது.

பிளேட்லட் எண்ணிக்கை எதிர்பாராத அளவு குறைந்திருந்தால் தாளின் கீழ்ப்பகுதியில் ஏதாவது குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சிலரின் இரத்தத்தில் ஈ.டீ.டீ.ஏ.யோடு சேரும்போது பிளேட்லட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் அந்தக் குவியலை எண்ணத் தவறிவிடும். கண்ணாடித் தட்டில் பூசிய இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தோ, நீல மூடிக் குழாயில் மீண்டும் எடுத்தோ ஆய்வுகூடத்தில் சரிபார்ப்பார்கள்.

மூன்றாம் படி: வகுத்தல்

ஒரு தாளில் மொத்த வெண்குழியம் 7,200, நியூட்ரோபில் 68 வீதம், லிம்போசைட் 24 வீதம், மொனோசைட் 6 வீதம், ஈசினோபில் 2 வீதம், பிளேட்லட் 285,000 என்று வைத்துக்கொள்வோம். 68ஐ 24ஆல் வகுத்தால் 2.8, இதுவே என்.எல்.ஆர். இரண்டு வீதமும் ஒரே மொத்தத்திலிருந்து வந்தவை என்பதால் எண்ணிக்கைக்கு மாற்றத் தேவையில்லை. பிளேட்லட்-லிம்போசைட் விகிதத்துக்கு மட்டும் அப்படிச் செய்ய முடியாது: முதலில் 7,200இல் 24 வீதம் எவ்வளவு என்று பார்த்து 1,728 என்று எடுத்து, 285,000ஐ அதனால் வகுத்தால் 165 வரும். லிம்போசைட்டை மொனோசைட்டால் வகுக்கும் விகிதம் 24 கீழ் 6, அதாவது 4. இது மற்றவற்றுக்கு எதிர்மாறானது, கூடினால் நல்லது என்று பார்க்கப்படுவது. பிளேட்லட்டை ஆயிரங்களில் எடுத்து என்.எல்.ஆரால் பெருக்கினால் கிடைப்பது எஸ்.ஐ.ஐ. என்ற சுட்டி, இந்தத் தாளுக்கு ஏறக்குறைய 808. சீன ஆய்வாளர்கள் 2014இல் ஈரல் புற்றுநோய்க்காக முன்வைத்ததைப் பின்னர் மார்பகப் புற்றுநோய்க்கும் பலர் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

நான்கையும் கணக்கிட்டு வைப்பதில் நட்டமில்லை. ஆனால் நான்கும் ஒரே மூன்று நான்கு எண்களை மாற்றி மாற்றி அடுக்குவதுதான். நான்கும் மோசமாக வந்தால் நான்கு சாட்சிகள் சொன்னதாக எண்ணிவிட வேண்டாம், சாட்சி ஒருவரே.

நான்காம் படி: எண்ணுக்குப் பொருள் காணுதல்

இங்கே அவசரப்படாமல் நிற்க வேண்டும். பெல்ஜியத்தில் நோயற்ற வளர்ந்தவர்களிடம் செய்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, என்.எல்.ஆரின் இயல்பான வீச்சு 0.78 முதல் 3.53 வரை என்று கண்டது. நோயே இல்லாத இருவரில் ஒருவருக்கு 1, மற்றவருக்கு 3.4 இருந்தாலும் இருவரும் சுகமானவர்களே. மார்பகப் புற்றுநோயில் எது கூடிய விகிதம், எது குறைந்தது என்று பிரிக்கும் எல்லையும் ஆய்வுக்கு ஆய்வு மாறியிருக்கிறது. 2க்குக் கீழே எல்லை வைத்தவர்களும் உண்டு, 5இல் வைத்தவர்களும் உண்டு. ஆகவே 2.8 என்ற எண் ஓர் ஆய்வில் கூடிய பக்கத்திலும் இன்னொன்றில் குறைந்த பக்கத்திலும் விழும்.

15 ஆய்வுகளையும் 8,563 நோயாளிகளையும் ஒன்றுசேர்த்து 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், சிகிச்சைக்கு முன் என்.எல்.ஆர். கூடியிருந்தவர்களுக்கு நோய் திரும்புவதோ மரணமோ நேரும் வேகம், குறைந்திருந்தவர்களைவிட 1.74 மடங்காக இருந்தது. ஈஸ்ட்ரோஜன் ஹோர்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி கலங்களில் இல்லாத புற்றுநோய் வகையில் இந்தத் தொடர்பு இன்னும் வலுவாகத் தெரிந்தது. 1.74 மடங்கு என்றதும் நெஞ்சு பதறும். அதனால் அதை ஆட்களாக மாற்றிப் பார்ப்போம். கணக்குக்காக மட்டும், விகிதம் குறைந்த 100 பெண்களில் குறிப்பிட்ட காலத்துக்குள் 10 பேருக்கு நோய் திரும்புகிறது என்று எடுத்துக்கொண்டால், விகிதம் கூடிய 100 பெண்களில் அது ஏறக்குறைய 17 பேருக்கு நேரும். அதே கூட்டத்தில் மற்ற 83 பேருக்கு விகிதம் கூடியிருந்தும் நோய் திரும்பவில்லை. விகிதம் குறைந்தவர்களிலும் 10 பேருக்குத் திரும்பியது. இரு கூட்டங்களுக்கும் இடையில் வேறுபாடு உண்டு என்பது மெய். உங்கள் அம்மா 17இல் ஒருவரா 83இல் ஒருவரா என்பதை அந்த எண்ணால் சொல்ல முடியாது என்பதும் அதே அளவுக்கு மெய்.

இந்த ஆய்வுகளில் மிகப் பல, பழைய கொப்பிகளை எடுத்து வைத்துப் பின்னோக்கிப் பார்த்தவை என்பதையும், தொடர்பு தெரிந்த ஆய்வுகள் தெரியாதவற்றைவிட எளிதில் அச்சேறுகின்றன என்பதையும் சேர்த்துக்கொண்டால், அந்த 1.74ஐயும் சற்றுக் குறைத்தே எண்ணத் தோன்றுகிறது. இது என் கருத்து.

ஐந்தாம் படி: வேறு காரணங்களைக் கழித்தல்

எங்கள் பகுதியில் இந்தப் படிக்குத்தான் அதிக வேலை. வடகீழ்ப் பருவமழைக்குப் பின் டெங்கு பரவும் மாதங்களில் எடுத்த இரத்தம் என்றால், அதற்கு முன் காய்ச்சல் இருந்ததா என்று முதலில் கேளுங்கள். டெங்கு வெண்குழியங்களையும் பிளேட்லட்டுகளையும் இறக்கிவிடும். அன்று எடுத்த விகிதம் அழகாகத் தெரிந்தாலும் அது பொய்யழகு. வயலில் இறங்கியவருக்கு வரும் எலிக்காய்ச்சல் இதற்கு மாறாக நியூட்ரோபிலை ஏற்றிப் பிளேட்லட்டை இறக்கும். சலக்கடுப்பு, சொத்தைப் பல்லின் வீக்கம், நீரிழிவுக்காரரின் ஆறாத கால்புண், சத்திரசிகிச்சைக் காயத்தில் சீழ், மூட்டுவாதம் எல்லாமே என்.எல்.ஆரை ஏற்றக்கூடியவை. பல பெண்களுக்கு மாதவிடாய் மிகுதியால் இரும்புச் சத்துக் குறைந்திருக்கும். அதனால் பிளேட்லட் கூடும், பிளேட்லட்டை வைத்துக் கணக்கிடும் இரண்டு எண்களும் புற்றுநோயோடு தொடர்பில்லாமலே உயரும். ஆஸ்துமாவுக்கோ தோல் நோய்க்கோ ஸ்டீரொய்ட் குளிசை எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். வயது கூடக் கூட லிம்போசைட் இயல்பாகவே குறைகிறது, ஆகவே 75 வயது மூதாட்டியின் எண்ணை 40 வயதுப் பெண்ணின் எண்ணோடு ஒப்பிடுவது முறையல்ல.

ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் பென்சிலால் இரண்டு சொல் எழுதி வையுங்கள்: “காய்ச்சல் இல்லை”, “பல்வலி, மருந்து எடுத்தவர்”, “கீமோ முடிந்து 9ஆம் நாள்” என்பதுபோல. அடுத்த கிளினிக்கில் வேறொரு டொக்டர் இருந்தாலும் அந்த இரண்டு சொல்லே அவருக்கு விகிதத்தைவிட உதவும்.

சீ.ஆர்.பீ., அல்புமின்

சீ.ஆர்.பீ.யும் அல்புமின் என்ற இன்னொரு இரத்தப் புரதமும் எஃப்பீசீத் தாளில் இருக்காது. வேறு குழாயில் எடுத்து வேறு தாளில் வரும். சீ.ஆர்.பீ. 10 மில்லிகிராமுக்கு மேலும் அல்புமின் 35 கிராமுக்குக் கீழும் இருக்கிறதா என்று, இரண்டையும் ஒரு லீற்றருக்கான அளவில் பார்த்து 0, 1, 2 என்று புள்ளியிடும் கிளாஸ்கோ முறை ஒன்று உண்டு. சில ஆய்வுகூடங்கள் ஒரு டெசிலீற்றருக்கு எவ்வளவு என்று அச்சிடுவதால், அலகைப் பார்க்காமல் ஒப்பிட்டால் எண் பத்து மடங்கு மாறிவிடும். சீ.ஆர்.பீ. இரத்தத்தில் ஏறக்குறைய 19 மணித்தியாலத்தில் பாதியாகக் குறையும் தன்மையுள்ளது. சத்திரசிகிச்சை செய்த வாரத்தில் அது உயர்ந்திருப்பது வழமை.

ஆறாம் படி: எதற்கு எவ்வளவு கனம் என்று அறிதல்

கட்டியின் அளவு, அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களில் எத்தனையில் நோய் பரவியிருக்கிறது, வேறு உறுப்புகளுக்குப் போயிருக்கிறதா, புற்றுக் கலங்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்று சொல்லும் தரம், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டெரோன், ஹேர்2 ஆகிய ஏற்பிகளின் நிலை: மருத்துவர்கள் சிகிச்சையைத் தீர்மானிப்பது இவற்றை வைத்து. 2018இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக்குழுவின் 8ஆம் பதிப்பு நிலை வகைப்பாட்டில் இவையெல்லாம் இடம்பிடித்தன, என்.எல்.ஆரோ எஸ்.ஐ.ஐ.யோ அதில் இல்லை. கொப்பியில் நீங்கள் முதலில் தேடிப் படிக்க வேண்டியது பயொப்சி ரிப்போர்ட்டும் சத்திரசிகிச்சைக்குப் பின்வரும் திசுப் பரிசோதனை ரிப்போர்ட்டும்தான். அவை கொப்பியில் இல்லையென்றால் பிரதி கேட்டு வாங்கி வையுங்கள்.

விகிதத்தை இறக்குவதற்கென்று கசாயமோ மஞ்சளில் செய்த குளிசையோ வாங்கிக் கொடுக்கும் பழக்கமும் இங்கே வளர்ந்து வருகிறது. எண்ணை இறக்கினால் நோயின் போக்கும் மாறும் என்று எந்தப் பரிசோதனையிலும் நிறுவப்படவில்லை. கீமோக் காலத்தில் கொடுக்கும் எதையும் டொக்டரிடம் சொல்லிவிட்டே கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. மார்பில் கட்டியொன்று தட்டுப்பட்டிருக்க, எஃப்பீசீ நன்றாக வந்ததால் பயமில்லை என்று இருந்துவிட்ட ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். இந்த விகிதங்கள் நோயைக் கண்டுபிடிப்பதற்கானவை அல்ல. கட்டி தென்பட்டால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்குக்கோ அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ போய் மார்பைக் காட்டுங்கள்.

டொக்டரிடம் எப்படிக் கேட்பது

கிளினிக்கில் நூறு பேர் வரிசையில் இருக்கும்போது “என்.எல்.ஆர். எவ்வளவு, அம்மா பிழைப்பாவா” என்று கேட்டால் பதில் சொல்லும் நிலையில் எந்த வைத்தியரும் இருக்கமாட்டார். தாள்களைத் திகதிப்படி அடுக்கி, ஒரே ஒரு கேள்வியாகக் கேளுங்கள். “டொக்டர், அம்மாக்கு ஒப்பரேசனுக்கு முதல் எடுத்த ரிப்போர்ட் ரெண்டு இருக்கு. ரெண்டுலயும் நியூட்ரோபில் கூடவா இருக்கு, காய்ச்சல் ஒண்டும் இருக்கல்ல. வேற எங்கயும் கிருமி இருக்கா எண்டு பார்க்கணுமா?” என்று கேட்டால் அதற்கு விடை உண்டு. வெளிக்குத் தெரியாத ஒரு தொற்றோ கவனிக்காத நீரிழிவோ அகப்பட்டாலும் அகப்படும். வீட்டார் போடும் கணக்கால் உண்மையில் கிடைக்கக்கூடிய பயன் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

கணக்கே போடக்கூடாத நாட்கள்

கீமோ ஏற்றி 7 முதல் 14 நாளுக்குள் வெண்குழியங்கள் மிகக் கீழே இறங்கும். அப்போது எடுத்த தாளில் நியூட்ரோபில் 400, லிம்போசைட் 800 என்று இருந்தால் விகிதம் 0.5, படித்ததை வைத்துப் பார்த்தால் மிக நல்ல எண். உண்மையில் அதைவிட ஆபத்தான தாள் கொப்பியில் வேறொன்றும் இருக்காது, ஏனெனில் கிருமியை எதிர்க்க உடலில் ஆள் இல்லை. இந்த இறக்கத்தைத் தாங்குவதற்காக வயிற்றுத் தோலில் போடும் ஃபில்கிராஸ்டிம் ஊசிக்குப் பின் அதே நியூட்ரோபில் திடீரென மேலே ஏறும். அதுவும் நோய் ஏறியதாகாது.

அந்த நாட்களில் வெப்பமானி 38 பாகை செல்சியஸைத் தொட்டால், பனடோல் கொடுத்துவிட்டு விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். நள்ளிரவானாலும் கொப்பியை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போய், கடைசிக் கீமோ எந்தத் திகதியில் ஏற்றப்பட்டது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.